பூந்தமல்லிக்குப் போகாத மெசேஜ்

இன்டர்நெட் எப்படி வேலை செய்கிறது என்று அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த கதையை எழுத உட்கார்ந்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. என் பிழைப்பே அதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் சப்போர்ட் வேலை. முகம் தெரியாத மனிதர்கள் ‘நெட் வரல, நெட் வரல’ என்று போனில் கத்துவார்கள். நான் குரலை உயர்த்தாமல், ‘சார், அந்த டப்பாவுல எந்த லைட் எரியுதுன்னு பார்த்துச் சொல்லுங்க’ என்பேன். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே இந்த வேலை. ஹெட்போனைக் கழற்றும்போது என் பொறுமையும் அதோடு சேர்ந்து கழன்றுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா கையில் போனோடு வந்து நிற்பார்.

அப்பா ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். ஒரு பார்ட் வந்தால் தட்டிப் பார்ப்பார், அளந்து பார்ப்பார், சரியில்லை என்றால் சாக்பீஸால் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போடுவார். ரிஜெக்ட். மேலதிகாரியே வந்து கெஞ்சினாலும் அந்தக் குறியை அழிக்கமாட்டார். ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அம்மாவும் போன பிறகு, சேக்காட்டில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். சட்டைப் பையில் சாக்பீஸும் கூடவே வந்தது.

இன்னொரு பழக்கமும் வந்தது. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எங்கள் வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து அதையே தன் கேட்டாக ஆக்கிக்கொண்டார். வெளியே போகும்போது போனை அணைத்து அதில் போடுவார். சாயங்காலம் தன் வேலை முடிந்தது என்று அவருக்குத் தோன்றியதும் அணைத்து அதில் போடுவார். “அப்பா, போன்னா கூடவே இருக்கணும், அதுக்குத்தானே போனு” என்று நான் தொண்டை வற்றச் சொல்லிவிட்டேன். “அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்பார்.

சண்டை நடந்தது தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில். தம்பி பூந்தமல்லியில் ஒரு பிளாட் வாங்கினான். பல வருஷம் கட்டவேண்டிய கடன். அவன் மனைவி வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். ஹோமப் புகை இன்னும் அடங்கவில்லை, ஹாலில் நடு நாயகமாகக் கோலம். அப்பா குனிந்து விரல் முட்டியால் தரையைத் தட்டினார். அடுத்த டைலைத் தட்டினார். சம்பந்தி வீட்டார் ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். ‘அப்பா, வேணாம்’ என்று நான் வாயைத் திறப்பதற்குள் கோலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெருக்கல் குறி. கதவோரம் இன்னொன்று.

“உள்ள காலி. சத்தத்தக் கேளு. இதெல்லாம் நான் பாஸ் பண்ணமாட்டேன்” என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

தம்பியின் முகம் செத்துப்போனது. “நல்ல நாளும் அதுவுமா என் வீட்டுக்குக் குறி போடறீங்களா? வெளிய போங்கப்பா” என்றான். அப்பா சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

அதோடு விட்டாரா? நான்தான் அவருக்கு மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொடுத்திருந்தேன். மறுநாள் முதல் தம்பிக்கு அனுப்ப ஆரம்பித்தார். ‘பாத்ரூம் தரை வாட்டம் சரியில்லை.’ ‘பால்கனி கம்பி ஆடுகிறது.’ ‘சமையலறை ஜன்னல் வழியாக மழைத் தண்ணீர் வரும்.’ அக்கறையில்தான் அனுப்பினார், சத்தியமாக. ஆனால் வாங்குகிறவனுக்கு அது எப்படி இருக்கும்? தம்பி ஒன்றுக்கும் பதில் போடவில்லை. பிறகு அப்பாவே நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவில் உட்கார்ந்து ஒற்றை விரலால் வெகுநேரம் எதையோ தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“போயிடுச்சா பாரு.”

பார்த்தேன். ‘அன்று நான் செய்தது தப்பு. வீடு நன்றாக இருக்கிறது. மனசில் வைத்துக்கொள்ளாதே.’ வாழ்நாளில் அம்மாவிடம்கூடத் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. “போயிடுச்சுப்பா” என்றேன். மெசேஜுக்கு ஓரத்தில் ஒரு டிக் விழுந்திருந்தது.

அந்த ஒரு டிக்கில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

“ஒண்ணுதான் இருக்கு. உனக்கு அனுப்பினா ரெண்டு வருதே?”

நானும் பெரிய வாத்தியார் மாதிரி ஆரம்பித்தேன். அவர் மொழியிலேயே சொன்னால் ஏறும் என்று நினைத்தேன். “உங்க பேக்டரியில ஒரு ஒர்க்‌ஷாப்ல இருந்து பார்ட் வெளிய போனா, நேரா அடுத்த ஒர்க்‌ஷாப்புக்கா போகும்? நடுவுல ஸ்டோர் இருக்கும் இல்ல? அந்த மாதிரி நடுவுல சர்வர்னு ஒண்ணு இருக்கு. நீங்க அனுப்பினது அங்க போய்ச் சேர்ந்தா ஒரு டிக். அவன் போனுக்குப் போய்ச் சேர்ந்தா ரெண்டாவது டிக். அவன் தெறந்து படிச்சா நீலம்.”

அப்பா கண்ணில் வெளிச்சம் வந்தது. “வாங்கினதுக்குக் கையெழுத்து!”

“அதேதான்.”

“அப்போ இது ஸ்டோர்ல நிக்குது.”

“ஆமா. அவன் போன் ஆஃப்ல இருக்கலாம். ஆன் பண்ணதும் தானா போயிடும். அதுவரைக்கும் பத்திரமா இருக்கும்.”

நல்ல பாடம். தப்பே இல்லாத பாடம். அப்பா நிம்மதியாகப் போனை அணைத்து டப்பாவில் போட்டார். தன்னைப் போலவே மகனும் எங்கோ கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

நாள்கள் போயின. ஒரு டிக் ஒரு டிக்காகவே நின்றது. நான் அனுப்புவதெல்லாம் தம்பிக்கு உடனே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. எனக்கு உறுத்தியது. தம்பியைக் கூப்பிட்டேன்.

“ஆமாக்கா, ப்ளாக் பண்ணிட்டேன். தெனம் காலையில எழுந்தா என் வீட்டுல என்ன ஓட்டைன்னு மெசேஜ். நான் மனுஷனா இல்லையா?”

“மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டிருக்காருடா.”

“நீ சொல்லிக்கொடுத்து அடிச்சிருப்பாரு.”

“அம்மா சத்தியமா நான் இல்லடா. போட்டோ எடுத்து அனுப்பறேன், நீயே பாரு.”

“ஒண்ணும் அனுப்பாதே. அத்தனை பேர் முன்னாடி வாயால சொன்னாரு இல்ல? இதையும் வாயால சொல்லட்டும்.”

போனை வைத்துவிட்டு அப்பாவிடம் போனேன். ப்ளாக் என்று சொன்னால் ரோஷத்தில் அந்த மன்னிப்பையும் அழித்துவிடுவார். அதனால், “ஆவடியில பஸ் ஏறினா பூந்தமல்லி. ஒரே பஸ். நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்களேன்” என்றேன்.

“வெளிய போன்னு சொன்ன வீட்டுக்கு எப்படிப் போறது? மெசேஜ் போய்ச் சேரட்டும். அவன் படிச்சுட்டுக் கூப்பிடட்டும். அப்புறம் போறேன்.”

“சரி, போன் பண்ணிப் பேசுங்க.”

“பேசினா வாயில வேற எதாவது வந்துடும். எழுதினதுதான் சரியா இருக்கு.”

ஒருத்தருக்கு வாயால் சொல்லக்கூடாது, இன்னொருத்தனுக்கு வாயால் சொன்னால்தான் ஆகும். நடுவில் நான். இரண்டு பேரையும் நிற்கவைத்துத் தலையோடு தலை முட்டவிடலாமா என்று வந்தது.

அப்பாவோ வேறு வழியில் இறங்கிவிட்டார். மெசேஜ் போகவில்லை என்றால் நடுவில் எங்கோ பழுது. பழுது என்றால் ஒரு முனையில் ஆரம்பித்து ஒவ்வொரு பிரிவாகப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். தொழிற்சாலையில் அப்படித்தான். ஆகவே இன்டர்நெட் முழுவதையும் அவருக்கு நான் ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டியதாயிற்று. இந்தப் பாடம் தொடங்கினாலே என் கணவருக்குக் கடைக்குப் போகவேண்டிய வேலை ஞாபகம் வந்துவிடும்.

“இந்தப் போன்ல ஒயரே இல்லையே, எப்படி வெளிய போகுது?”

“ரேடியோ மாதிரிப்பா. காத்துல போய் ஹால்ல இருக்கிற மோடம் டப்பாவுக்குப் போகும். டப்பாவுல இருந்து கண்ணாடி இழை மாதிரி ஒரு ஒயர் தெருக்கம்பத்துக்குப் போகும். அதுக்குள்ள வெளிச்சமா போகும்.”

“வெளிச்சமா? எழுத்து எப்படி வெளிச்சமாகும்?”

சொன்னேன். விளக்கை அணைத்து அணைத்து ஏற்றிக் காட்டினேன். எதிர் பிளாட்டுக்காரர் பால்கனிக்கு வந்து எங்கள் வீட்டைப் பார்த்தார்.

“சர்வர் எங்க இருக்கு? அம்பத்தூர்லயா?”

“தெரியாது. வேற ஊர்ல இருக்கலாம், வெளிநாட்டுல இருக்கலாம்.”

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். “சேக்காட்டுல இருந்து பூந்தமல்லிக்குப் போறதுக்கு வெளிநாடு எதுக்குப் போகணும்? எவன் போட்டான் இந்த ரூட்டு?”

“கடலுக்கு அடியில கேபிள் இருக்கு. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடும். மெசேஜைத் துண்டு துண்டா உடைச்சு, ஒவ்வொரு துண்டும் கெடைச்ச வழியில போய், அந்தப் பக்கம் ஒண்ணா சேர்ந்துக்கும்.”

“உடைச்சா அனுப்பறான்?” பதறிப்போனார். “சேர்க்கும்போது ஒரு துண்டு கொறைஞ்சா? ‘தப்பு’ங்கற வார்த்தை விழுந்துட்டா? மீதியப் படிச்சா என்னன்னு நெனைப்பான்?”

“கொறையாதுப்பா! எண்ணிப் பார்த்துக்கும்! கொறைஞ்சா திருப்பிக் கேட்டு வாங்கிக்கும்!”

“யாரு எண்ணறது?”

ஐயோ சாமி. ஆபீஸில் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர்களைக்கூட நான் தாங்கியிருக்கிறேன். இந்த ‘யாரு’வைத் தாங்க முடியவில்லை. எங்கேயும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் அவருக்கு. வாங்கிக் கையெழுத்துப் போட, எண்ண, தட்டிப் பார்க்க. ஆளே இல்லாமல் இத்தனையும் நடக்கிறது என்றால், பழுதானால் யாரைப் போய்க் கேட்பது என்பார். கேள்வி நியாயம்தான். என் கம்பெனியில் தினமும் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். அந்த நியாயம்தான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த லைன்மேனையும் அப்பா கூப்பிடாமல் விடவில்லை. அவர் வந்து டப்பாவைப் பார்த்தார், வயரைப் பிடுங்கிச் செருகினார், மொட்டை மாடிக்குப் போய் வந்தார். அப்பா பின்னாலேயே ஏறி இறங்கினார்.

“இன்னா நைனா, எல்லா லைட்டும் பச்சையா எரிஞ்சிகினு கீது. லைனு சோக்காத்தான் கீது. இன்னாத்துக்கு என்னிய ஓட்ற?”

“பூந்தமல்லிக்குப் போகல.”

“பூந்தமல்லிக்கு மட்டும் போலயா? அதுக்கு நா இன்னா பண்றது, நைனா? என் ஏரியா இந்தக் கம்பத்தோட சரி.” அவர் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா அடுத்த பிரிவுக்கு நகர்ந்தார். வீட்டு நெட்டை அணைத்துவிட்டுப் போன் நெட்டில் அனுப்பினார். ஒரு டிக். மாடியில் நின்று அனுப்பினார். ஒரு டிக். மின்சார ரயில் ஏறித் திருநின்றவூருக்குப் போய், அங்கே டவர் வேறாக இருக்கும் என்று ஏரிக்கரையில் நின்று அனுப்பினார். வெயிலில் முகம் கருத்துத் திரும்பி வந்தார். எனக்கு அனுப்பிய ‘டெஸ்ட்’ எல்லாம் இரண்டு டிக்கோடு வந்து குவிந்திருந்தன. தம்பிக்கு அனுப்பியவை, எல்லாமே அதே மன்னிப்புதான், ஒன்றன்கீழ் ஒன்றாக ஒற்றை டிக்கோடு நின்றன.

“திருநின்றவூருக்குப் போகத் தெரியுது, பூந்தமல்லிக்குப் போகத் தெரியலையா உங்களுக்கு?” என்று கத்தினேன். அவர் போனை அணைத்து டப்பாவில் வைத்தார்.

அன்று இரவே மறுபடி தம்பியைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். “டேய், அந்த ப்ளாக்கையாவது எடுடா.” அவன், “பார்க்கலாம்” என்றான். எனக்குத் தெரியும் அந்தப் பார்க்கலாம். அப்பாவின் சாக்பீஸ் குறியும் அவன் ‘பார்க்கலா’மும் ஒரே ரத்தம்.

பிறகு ஒரு சாயங்காலம் நான் ஹெட்போனைக் கழற்றுவதற்குக் காத்திருந்தவர் போல அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார். “உன் போனைக் குடு” என்றார். தன் போனையும் என் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் தம்பியின் பெயரைத் திறந்தார். என் போனில் தம்பியும் அவன் மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனில் சாம்பல் நிறத்தில் வெறும் வட்டம்.

“எல்லாப் பிரிவும் பார்த்துட்டேன். போன் சரி. டப்பா சரி. ஒயர் சரி. டவர் சரி. ஸ்டோர் வரைக்கும் போயிடுச்சு. உனக்கு அவன் முகம் காட்டறான், எனக்குக் காட்டல.” என் போனை என் பக்கம் நகர்த்தினார். “என் சரக்கை மட்டும் உள்ள விடாதேன்னு சொல்லிட்டானா?”

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. “ஆமாப்பா. ப்ளாக் பண்ணியிருக்கான்” என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார். பழுது எங்கே என்று தெரிந்துவிட்ட ஆறுதல்கூட முகத்தில் இருந்தது. அதுதான் என்னை உடைத்தது.

“பரவால்ல. கோவம் தணிஞ்சு ஒருநாள் தெறப்பான் இல்ல? அப்போ நான் அனுப்பினது எல்லாம் மொத்தமா போயிடும். ஸ்டோர்லதானே இருக்கு. நான் காத்திருக்கேன்.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! அவன்மேல், இவர்மேல், இந்தப் பாழாய்ப்போன டிக்மேல். “போகாதுப்பா!” என்று கத்தினேன். “ப்ளாக்ல இருக்கும்போது அனுப்பினது போகவே போகாது. அவன் நாளைக்கே தெறந்தாலும் இதுல ஒண்ணுகூட அவனுக்கு வராது. அவ்வளவுதான். முடிஞ்சுது.”

“ஸ்டோர்ல பத்திரமா இருக்கும்னு நீதானே சொன்னே?”

“போன் ஆஃப்ல இருந்தா இருக்கும். இது வேற. இது வாசல்லயே தூக்கிப் போட்ட மாதிரி.”

அப்பா தன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரலால் திரையை மேலே தள்ளித் தள்ளி, தான் அனுப்பிய அத்தனையையும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு, “ஒண்ணுகூடவா?” என்றார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காலை நான் வேலையில் இருந்தபோது வாசல் கதவுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்ப்பதற்குள் அப்பா தெருக் கேட்டைத் தாண்டிவிட்டார். சலவைச் சட்டை. டப்பாவில் போன், அணைத்து வைத்தபடி. அதன் பக்கத்தில் சாக்பீஸ்.

அன்று நான் என்ன வேலை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. எவனோ ஒரு சார் ‘நெட் வரல’ என்றபோது ‘வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்’ என்று சொல்ல வாய் துடித்தது. அப்பாவைக் கூப்பிட வழியில்லை. தம்பி போனை எடுக்கவில்லை. ‘அப்பா வர்றார்னு நினைக்கிறேன்’ என்று அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. கதவைத் திறக்காமல் விட்டுவிட்டால்? பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால்? ஊரெல்லாம் இணைப்புக் கொடுக்கிற வேலை எனக்கு. பஸ் தூரத்தில் இருக்கிற அப்பன் மகனுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பால்கனிக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார், கால் கழுவினார். தண்ணீர் குடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. ஹாலுக்குக் கூட்டிட்டுப் போய்த் தரையைக் காட்டினான். அந்த ரெண்டு டைலையும் மாத்தியிருக்கான்.” அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். “நல்லா ஒட்டியிருக்கான்.”

“தட்டிப் பார்த்தீங்களா?”

“கை போச்சு. அடக்கிக்கிட்டேன்.”

“சாப்பிட்டீங்களா?”

“வத்தக்குழம்பு. உப்பு கொஞ்சம்...” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “நல்லா இருந்துச்சு.”

பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக டப்பாவிலிருந்து போனை எடுத்து உயிர் கொடுத்தார். “வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடச் சொன்னான்” என்றார். ஒற்றை விரலால் தட்டினார். நான் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ‘வந்து சேர்ந்தேன்.’ ஒரு டிக். இரண்டாவது டிக் விழுந்தது. அப்பா அந்த இரண்டு டிக்கையும் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டார்.

தொட்டுவிட்டுப் போனை அணைத்து டப்பாவில் போட்டார்.

“ஐயோ அப்பா! எதுக்கு அணைச்சீங்க? அவன் பதில் போடுவானே!”

“போடட்டும். ஸ்டோர்ல நிக்கும். காலையில வாங்கிக்கறேன்” என்றார். “நீதானே சொல்லிக்கொடுத்தே?” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

தலையில் அடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன். என் போன் சத்தம் போட்டது. தம்பி.

‘அக்கா, அப்பாவுக்கு அப்ப இருந்து மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு டிக்லயே நிக்குது. என்னை ப்ளாக் பண்ணிட்டாரா?’

விரல் பதில் அடிக்கப் போனது. ‘இல்லடா, போன் ஆஃப்ல’ வரைக்கும் அடித்தேன். அப்புறம் அதை அழித்தேன். ஒரே ஒரு ராத்திரி அவனும் அந்த ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோசைக் கல்லில் எண்ணெய் விட்டேன்.